நடுவில் விடுபட்ட தையல்

போன கிழமை நம்முடைய பழைய மாணவியர் வட்சப் குழுவில் ஒருத்தி தன் வீட்டு யன்னலின் படத்தைப் போட்டிருந்தாள். துணியை வாங்கி, யூடியூப்பைப் பார்த்துப் பார்த்துத் தானே தைத்த திரைச்சீலையாம். ஆளாளுக்குப் பூவும் கைதட்டலும் போட்டு வாழ்த்தியிருந்தீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. பொறாமையா என்று ஒருத்தி தனியாகக் கேட்டும்விட்டாள். பொறாமை இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு துண்டுத் துணியை நடுவில் பொருத்தித் தைத்திருக்கிறாள்; பொருத்து வளையாமல் நேராக வந்திருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் பதில் போட மறந்துவிட்டேன். குரல் பதிவில் சொல்லி முடிகிற விசயமும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புயல் அடித்த வருசத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் அப்போது ஐந்தாம் வகுப்பு. எல்லார் வீட்டிலும் ஓடு போனது. எங்கள் வீட்டில் ஓட்டோடு யன்னல் கதவுகளும் போயின. ஒரு கதவை மூன்று வளவு தள்ளி விழுந்து கிடந்த தென்னை ஒன்றின் வட்டுக்குள் கண்டெடுத்தோம். மற்றவை கடலுக்குப் போயிருக்கும் என்று வாப்பா சொன்னார். தச்சு வேலை செய்யும் ஓடாவியார் கூரைகளுக்கே நேரமில்லாமல் ஓடித் திரிந்தார். "முதல்ல மனிசர்ட தலைக்கு மேல மூடி முடிப்பம். யன்னலுக்கு மறுகா வாறன்" என்று போனவர் அந்த வருசம் முழுக்க வரவில்லை.

ஆகவே எங்கள் வீட்டில் நான்கு யன்னல்களுக்கும் கம்பி மட்டும்தான் இருந்தது. உம்மா நெல்லுச் சாக்குகளைப் பிரித்துத் தொங்கவிட்டார். கடல் காற்று அடித்தால் அவை வயிறு ஊதி வீட்டுக்குள் நிற்கும். உமியும் தூசும் பறக்கும். அந்தச் சாக்கு மணம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. மழை நாளில் நனைந்த மாட்டைப் போல மணக்கும்.

வடக்குப் பக்க யன்னல் ராத்தாவின் அறையில் இருந்தது. ராத்தா எனக்கு ஐந்து வயது மூத்த அக்கா. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததோடு அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். வயதுக்கு வந்த குமர்ப்பிள்ளை, இனி வீட்டில் இருக்கட்டும் என்று வாப்பா சொன்னார், உம்மா தலையாட்டினார். அன்று அவள் தன் சப்பாத்தைக் கழுவிக் காயவைத்து எனக்கென்று எடுத்து வைத்தாள். அது எனக்கு இரண்டு விரல் பெரிது. ராத்தா அழவில்லை. அதனால் எல்லாரும் அவளுக்கும் அது சம்மதம்தான் என்று நினைத்துவிட்டார்கள்.

அதே புயலில் பள்ளிக்கூடத்தின் நீளக் கட்டடமும் விழுந்ததல்லவா? பத்தாம் வகுப்புக்கு இடமில்லாமல், எங்கள் வேலிக்கு எதிரே, ஒழுங்கையின் அந்தப் பக்கத்தில் தென்னங்கிடுகால் ஒரு கொட்டில் போட்டார்கள். நமக்கு முழங்கால் உயரத்துக்கு மட்டும்தான் அதற்குச் சுவர். பிள்ளைகள் எங்கள் வேலிக்கு முதுகு காட்டி இருப்பார்கள். கரும்பலகை நேராக ராத்தாவின் யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது அவளுடைய வகுப்பு. அவளோடு படித்தவர்கள்தான் அங்கே இருந்தார்கள்.

அவள் சாக்கின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு மணிக்கணக்காக நிற்பதை முதலில் கண்டது நான். ஒரு நாள் எனக்குத் தலை பின்னிவிடச் சொல்லிப் போனேன். "பொறு" என்றாள். மறுபடி கேட்டேன். திரும்பாமலே "பொறு எண்டு சொன்னன்தானே" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுப்படியில் இருந்த உம்மாவிடம் ஓடிப்போய், "ராத்தா எப்பவும் யன்னலுக்கால பொடியனுகளப் பாத்துக்கிட்டு நிக்கிறா" என்று சொன்னேன்.

பொடியனுகளை என்ற சொல்லை நானாகத்தான் சேர்த்தேன். எனக்குப் பேரப்பிள்ளைகள் வந்த பிறகுதான் இதை ராத்தாவிடம் ஒப்புக்கொண்டேன். "அது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் தேத்தண்ணியை ஊதிக் குடித்தாள்.

உம்மா என் பேச்சை மட்டும் கேட்டு நடந்திருக்கமாட்டார். ஆனால் அன்று பின்னேரமே அடுத்த வளவு மாமியும் வேலிக்கு வந்துவிட்டார். "உன்ட மூத்தவள்ட விரல் ரெண்டும் அந்தச் சாக்கப் புடிச்சபடியே இரிக்கி கா. எதிர்ல வளர்ந்த பொடியனுகள். ஊர் கதைக்க முந்திப் பாத்துக்க" என்றார்.

அடுத்த கிழமை மருதமுனைத் தறியில் நெய்த கட்டில் விரிப்புத் துணி வீட்டுக்கு வந்தது. கரும்பச்சையில் மெல்லிய சிவப்புக் கோடு. நல்ல தடிப்பு, வெயிலுக்கு முன்னால் பிடித்தாலும் வெளிச்சம் வராது. இரண்டு துண்டாக நெய்து விரிப்பாகப் பொருத்துவதற்கு முந்திய துணி என்பதால் அகலம் குறைவு. ஒவ்வொரு யன்னலுக்கும் இரண்டு துண்டை நடுவில் பொருத்த வேண்டும்.

வீட்டில் திரைச்சீலை தைப்பது லேசான வேலை என்று நினைத்துத்தான் உம்மாவும் தொடங்கினார். அளவு நாடா புயலோடு போய்விட்டது. யன்னலைத் தன் முழங்கையால் அளந்து, "ரெண்டரை முழம்" என்று அங்கிருந்து சத்தம் போட்டார். இங்கே துணியை நான் என் முழங்கையால் அளந்து கோடு கீறினேன். முதல் சீலை முடிந்து தொங்கவிட்டபோது யன்னலில் பாதிதான் மூடியது. உம்மா அதைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் நிலத்தில் இருந்துவிட்டார். இரண்டாவது சீலை அளவாக வந்தது. கழுவியதும் ஒரு சாண் சுருங்கிப்போனது. அதற்குப் பிறகுதான் துணியை முதலில் ஊறவைத்துக் காயப்போட்டு வெட்ட வேண்டும் என்று விளங்கியது.

ராத்தா வந்து மெசினுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகே வேலை வேலையாக நடந்தது. அது கையால் சுற்றுகிற மெசின். நான் சுற்றினேன், அவள் துணியைத் தள்ளினாள். மேல்பக்கத்தை மடித்து ஸ்பிரிங் கம்பி நுழையும் அளவுக்கு ஒரு குழாய் விட்டுத் தைத்தாள். கீழ்மடிப்பைக் காற்றுத் தூக்காமல் இருக்க, கரைவலைக்காரர்களிடம் வாங்கி வந்த ஈயக் குண்டுகளைத் துணிக்குள் வைத்து இடைக்கிடை ஊசியால் கட்டினாள். ராத்தாவின் அறைச் சீலைக்கு மட்டும் கீழேயும் கம்பி வைக்கும்படி உம்மா சொன்னார். மேலும் கீழும் இழுத்துக் கட்டினால் அது தொங்காது. பலகை மாதிரி விறைத்து நிற்கும். ஓரத்தைத் தூக்க முடியாது.

ராத்தா தன் யன்னலைத் தானே அளந்து, தானே தைத்து, தானே கதிரையில் ஏறி மாட்டினாள். உம்மா தள்ளி நின்று பார்த்து, "வடிவா இரிக்கி மகள்" என்றார். அறை இருண்டுபோய்விட்டது.

நோன்புக்கு முந்திய மாதம் வந்தது. வீடு வாசல் கழுவுகிற நாட்கள். உம்மா சீலைகளைக் கழற்றிக் கழுவிக் கிணற்றடிக் கொடியில் விரித்தார். நான் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராத்தாவின் சீலையில் காலை வெயில் பட்டபோது நடுப்பொருத்தில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. மேலேயும் கீழேயும் நெருக்கமான தையல். நடுவில் ஒரு உள்ளங்கை நீளத்துக்குத் தையலே இல்லை. இரண்டு முனையிலும் தையல் பிரியாமல் இருக்கும்படி நேர்த்தியாக முடிச்சுப் போட்டிருந்தது. மறதியாக விட்டவர்கள் அப்படி முடிச்சுப் போடமாட்டார்கள்.

உம்மா அந்த இடைவெளிக்குள் ஒரு விரலை விட்டு எடுத்தார். பிறகு ஈரத் துணியை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன். ராத்தா கிணற்றடியின் மறுபக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தாள். உம்மா தலையணையைத் தூக்கினார், பாயைச் சுருட்டினார், உடுப்புப் பெட்டியைத் தள்ளினார். பெட்டிக்குப் பின்னால் மூன்று கொப்பிகள் இருந்தன. பழைய கொப்பிகளின் எழுதாத தாள்களைப் பிரித்தெடுத்து, தையல் நூலால் கட்டிய கொப்பிகள்.

உம்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. கதவைச் சாத்திவிட்டு என்னைப் பக்கத்தில் இழுத்தார்.

"வாசி."

"என்ன உம்மா?"

"இதுல என்ன எழுதியிரிக்கி எண்டு மெதுவா வாசி. ஆரும் கேக்கப்படா."

நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். "ஒளி... ஒளித்தொகுப்பு."

"அது ஆரு?"

"ஆளில்ல உம்மா. பச்சை இலை வெயில்ல சாப்பாடு ஆக்கிறதாம்."

"இலை சாப்பாடு ஆக்குமா?"

"கொப்பில அப்பிடித்தான் இரிக்கி."

அடுத்த கொப்பியைத் திறந்தார். அதில் ஒரு இங்கிலீசு எழுத்து வரிக்கு வரி திரும்பத் திரும்ப வந்தது. உம்மா அதன்மேல் விரலை வைத்தார். "இது? இது ஆர்ர பேரு? இவ்வளவு தரம் எழுதியிரிக்கா?"

"கணக்கு உம்மா. பெரிய வகுப்புக் கணக்கு. ஆனா விடை எழுதாம விட்டிரிக்கா."

மூன்றாவது கொப்பியில் ஆறுகள், மழைவீழ்ச்சி, இலங்கைப் படம். உம்மா என்னை விடாமல் எல்லாவற்றையும் வாசிக்கவைத்தார். எங்கேயாவது ஒரு பொடியனின் பெயர் வரும் என்று காத்திருந்தார் என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. அப்போது எனக்கு நாக்கு வறண்டதுதான் தெரிந்தது.

ராத்தா ஈரத் தலையோடு உள்ளே வந்தாள். உம்மாவின் மடியில் கொப்பிகளைக் கண்டதும் கதவடியிலேயே நின்றுவிட்டாள்.

"கிழிச்சிராதீங்க உம்மா" என்றாள்.

"எவ்வளவு நாளா?"

"கொட்டில் போட்ட நாள்ல இருந்து."

"ஏன் புள்ள எனக்கிட்டச் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

உம்மா எழும்பி, மெசின் பெட்டியிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் கொப்பிகள் போயின என்றே நினைத்தோம். ராத்தா கண்ணை மூடிக்கொண்டாள். உம்மா கொப்பிகளைப் பாயில் வைத்துவிட்டு, அலுமாரியைத் திறந்து நுளம்பு கடிக்காமல் கட்டுகிற வலையை இழுத்தெடுத்தார். பிள்ளைப்பேற்றுக்கென்று வாங்கி, என்னைப் பெற்ற காலத்தில் கட்டி, பிறகு மடித்து வைத்திருந்த வெள்ளை வலை. அதன் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒன்றரைச் சாண் அகலத்துக்கு வெட்டினார்.

அன்று சோறு ஆக்கப் பிந்திவிட்டது. உம்மாவும் ராத்தாவும் ஆளுக்கொரு பக்கம் இருந்து அந்த நடுப்பொருத்து முழுவதையும் பிரித்தார்கள். இரண்டு பச்சைத் துண்டுகளுக்கும் இடையில் வெள்ளை வலையை வைத்துத் தைத்தார்கள். வலை வழுக்கிக்கொண்டு போகும். அடியில் பழைய பத்திரிகைத் தாள் வைத்துத் தைத்துவிட்டுத் தாளைக் கிழித்தெடுத்தார்கள். மாட்டிய பிறகு உம்மா என்னை ஒழுங்கைக்கு அனுப்பினார். "உள்ள ஆராச்சும் தெரியிறாவா?" என்று கேட்டார். வெயிலில் நின்று பார்த்தால் வெறும் வெள்ளைக் கோடுதான். உள்ளே ஓடிவந்து பார்த்தால் கொட்டில், பிள்ளைகளின் முதுகுகள், கரும்பலகை, கணக்கு சேரின் கையிலிருந்த சோக்குத் துண்டு வரை தெரிந்தது. பலகையின் வலப்பக்கம் மட்டும் கொட்டிலின் தூணுக்குப் பின்னால் மறைந்திருந்தது. விடைகள் அங்கேதான் இருந்தன.

அடுத்த வளவு மாமி மூன்றாம் நாள் வேலியில் நின்றார். பிடிபட்டோம் என்று நினைத்தோம். "எங்க கா இந்த மோஸ்தரக் கண்டனி? நடுவுல வெள்ளை வச்சது நல்ல எடுப்பா இரிக்கி. எனக்கும் ஒண்டு தைச்சித் தா" என்றார். உம்மா தைத்துக் கொடுத்தார். நோன்புப் பெருநாளைக்கு எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டில் நடுவில் வலை வைத்த சீலை தொங்கியது. காரணம் தெரிந்தது எங்களுக்கு மட்டும்தான்.

அதற்குப் பிறகு உம்மா மெசினை ராத்தாவின் அறைக்கு மாற்றிக்கொண்டார். கொட்டிலில் மணி அடித்தால், "நீ இரி, மீனை நான் பாக்கிறன்" என்பார். ராத்தா எழுதுவாள், உம்மா எதையாவது தைத்துக்கொண்டிருப்பார். சில வேளை, "இண்டைக்கு என்ன, இலையா ஆறா?" என்று கேட்பார்.

ஒரு முறை ராத்தாவுக்குக் கடும் காய்ச்சல். மூன்று நாள் எழும்பவில்லை. இரண்டாம் நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது உம்மா யன்னலடியில் நின்றுகொண்டிருந்தார். சட்டை வெட்ட வைத்திருக்கும் மண்ணிறத் தாளைச் சுவரில் ஊசியால் குத்தி, பென்சிலால் எதையோ வரைந்துகொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். பலகையில் இருந்ததை அப்படியே வரைந்திருந்தார். உம்மாவுக்கு எழுத்துத் தெரியாதே தவிர, தலையணை உறைக்குப் பூவும் கொடியும் பார்த்து வரையத் தெரியும். தமிழ் எழுத்துகளையும் அப்படித்தான் வரைந்திருந்தார். ஓதுகிற பழக்கத்தில் ஒவ்வொரு வரியையும் வலது ஓரத்திலிருந்து தொடங்கி இடது பக்கமாகக் கொண்டு போனார். சில எழுத்துகளுக்கு ஒரு சுழி கூடிவிட்டது. ஒரு 'ழ' முழுப் பூவாகவே விரிந்திருந்தது.

ராத்தா காய்ச்சலோடு அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"விளங்குதா மகள்? பிழையா இரிக்கா?" என்று உம்மா கேட்டார்.

"எல்லாம் சரியா இரிக்கி உம்மா" என்றாள் ராத்தா. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்தத் தாள் எங்கே போனதென்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் தொலைந்த பொருட்களில் எனக்கு மனம் ஆறாதது அது ஒன்றுதான்.

வாப்பாவுக்குத் தெரிவிக்க வேண்டிய நாள் வந்தது. அவர் வேளாண்மைக் காலங்களில் வயல்வெளியான வட்டையிலேயே தங்கிவிடுவார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு வீட்டுக்கு வருவார். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு உம்மா அவர் முன்னால் மூன்று கொப்பிகளையும் வைத்தார். வாப்பாவுக்கு வாசிக்கத் தெரியும். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எப்படி எழுதினாள் என்று உம்மா சொல்லச் சொல்ல, அவர் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"நிப்பாட்டக்க அவ ஒண்டும் சொல்லல்லயே. அழவும் இல்லயே. அவக்கும் விருப்பம் எண்டுதானே நான் நெனச்சன்" என்றார்.

"நானும் அப்பிடித்தான் நெனச்சன்" என்றார் உம்மா. "நாம கேக்கல்ல."

"சோதனை எழுத உடுவமா?"

"நான் சொல்ற இல்ல. அவக்கிட்டக் கேளுங்க."

வாப்பா அறை வாசல்வரை போனார். உள்ளே போகவில்லை. வெளியில் நின்றபடியே, "மகள், சோதனை எழுதுறயா?" என்று கேட்டார். உள்ளேயிருந்து, "ஓம் வாப்பா" என்று சத்தம் வந்தது. அவ்வளவுதான். மறுநாள் அவர் வட்டைக்குப் போகாமல், வெளியிலிருந்து சோதனை எழுதுகிறவர்களுக்கான விண்ணப்பத்தைத் தேடிப் போனார்.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். கணக்கைத் தவிர மற்றெல்லாப் பாடத்திலும் சித்தியடைந்தாள். கணக்கை அடுத்த வருசம் மறுபடி எழுதினாள். பிறகு பயிற்சிக்குப் போய் மருத்துவமாதுவாக வந்தாள். பாலமுனைப் பக்கத்தில் நெடுங்காலம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்தாள். அவள் கையில் பிறந்தவர்கள் இப்போது நம் மருமக்களாகவும் இருக்கிறார்கள்.

ஆனால் சோதனையின் முதல் நாளைச் சொல்லாமல் விடமாட்டேன். அது மாரிகாலம். வயலில் தண்ணீர் பார்க்க ஆள் நிற்க வேண்டிய நேரம். வாப்பா வட்டையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். ராத்தாவுக்குத் துணையாக என்னையும் கூட்டிக்கொண்டு சோதனை மண்டபத்துக்கு நடந்தார். வாசல் படலையடிக்கு வந்ததும் ராத்தா நின்றாள். உள்ளே அவளோடு படித்தவர்கள் வெள்ளைச் சீருடையில் கூட்டமாக நின்றார்கள். அவள் சாதாரண உடுப்பில், முந்தானையால் தலையை மூடியிருந்தாள். அவர்களைப் பார்த்தபடி நின்றவளுக்குத் தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல் தொடங்கி, பிறகு சத்தமாகவே அழுதாள். வாப்பாவுக்கு முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

நான் பயந்துபோனேன். திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். வாப்பா ஒழுங்கையில் போகிறவர்கள் பார்க்காதபடி அவளை மறைத்துக்கொண்டு நின்றார். தன் சால்வையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"அழு மகள். மணி அடிக்க இன்னம் நேரம் இரிக்கி. நல்லா அழுது முடிச்சிட்டுப் போ. நான் இஞ்சதான் நிக்கிறன்" என்றார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மணி அடித்தது. மழையும் தொடங்கியது. எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. என்னை அங்கே இருத்திவிட்டு வாப்பா திரும்பவும் படலையடிக்கே போனார். கடைக்காரர் கூப்பிட்டுப் பார்த்தார். "அங்க வந்து நிண்டா அவ வரக்க தெரியாது" என்று வாப்பா சொல்லிவிட்டார். குடையைப் பிடித்துக்கொண்டு, சாரன் முழங்கால்வரை நனைய, சோதனை முடியும்வரை அசையாமல் நின்றார்.

ராத்தா வெளியே வந்தாள். விரல்களில் மை. நான் கடையிலிருந்து ஓடினேன். எப்படி எழுதினாய் என்று வாப்பா கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் குடையை அவள் பக்கம் சாய்த்துக்கொண்டு, "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

சோதனை ஒன்றைத் தவிர, அந்த வருசம் முழுக்க வாப்பா எது வேணுமா என்று கேட்டாலும் வேணாம் என்றே சொல்லிவந்தவள் அவள்.

"ஓம் வாப்பா" என்றாள். "நல்லாப் பசிக்குது."